கறவைச் சுத்தமும் மடிநோய்த் தடுப்பும்
சென்னைப் பட்டணத்துப் பசுக்கள் தரும் படிப்பினை

பசுவின் மடியில் வீக்கமும் வலியும் கண்டு, பால் திரிந்து, கடைசியில் ஒரு காம்பு பயனற்றுப் போவதைப் பாராத குடியானவர் அரியர். இதனை மடிநோய் என்றும் மடிவீக்கம் என்றும் வழங்குவர். திருஷ்டியால் வந்தது என்பாரும், காலக்கோளாறு என்பாரும் உளர். உண்மை யாதெனில், இந்நோய் மிகப் பெரும்பாலும் இரண்டு வழிகளிலேயே மடிக்குள் புகுகின்றது. ஒன்று, கறக்கிறவருடைய கை. மற்றொன்று, பசு படுத்தெழும் தரை. இவ்விரண்டும் மனிதருடைய பொறுப்பில் உள்ளவையாதலால், இந்நோயை வருமுன் காத்தலும் பெரும்பாலும் மனிதரால் இயல்வதேயாம்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. சென்னைப் பட்டணத்தின் தென்பகுதியாகிய மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு முதலிய இடங்களில் பசுக்கள் வளர்க்கப்பட்ட வரலாறே போதுமானது.

வாசலில் கறந்த பால்

முற்காலத்தில் மயிலாப்பூரின் மாடவீதிகளிலும் அக்கம்பக்கத்துத் தெருக்களிலும் பால்காரர் பசுவையே வீட்டு வாசலுக்கு ஓட்டிவந்து, வீட்டாரின் கண்முன் கறந்து கொடுப்பது வழக்கமாயிருந்தது. பாலில் தண்ணீர் கலந்துவிடுவார் என்ற ஐயமே இவ்வழக்கத்திற்குக் காரணம். வீட்டுப் பெரியவர் ஒருவர் திண்ணையில் நின்று, பாத்திரம் காலியாயிருக்கிறதா என்று கவிழ்த்துக் காட்டச் சொல்லிய பின்னரே கறவை தொடங்கும். கன்று இறந்துபோன பசுவாயின், அதன் தோலில் வைக்கோலைத் திணித்துச் செய்த பொம்மைக் கன்றைப் பால்காரர் தோளில் சுமந்து வந்து பசுவின் முன் நிறுத்துவார். பசு அதனை நக்கிப் பால் சுரக்கும்.

வீட்டார் பாத்திரத்தைப் பார்த்தனர், அளவைப் பார்த்தனர், நுரையைப் பார்த்தனர். பார்க்காமல் விட்டது ஒன்றே. அது பால்காரருடைய கை. அக்கை விடியற்காலை முதல் பல பசுக்களைக் கறந்து வந்த கை. காம்பு வழுக்குவதற்காக அவர் விரல்களைப் பாலிலேயே நனைத்துக் கொள்வார். முதற்பசுவின் மடியில் நோய் மறைந்திருக்குமாயின், அந்த ஈரவிரல்களே அதனை அடுத்த பசுவின் காம்பிற்குக் கொண்டுசென்று சேர்க்கும். இவ்வாறு தண்ணீர்க் கலப்பிற்கு அஞ்சிச் செய்த ஏற்பாடு பாலைக் காத்ததேயன்றிப் பசுவைக் காக்கவில்லை. இன்று அவ்வழக்கம் மறைந்து, பெரும்பாலோர் பையில் அடைத்த பாலையே வாங்குகின்றனர். ஆயினும் ஒரே கறவைக்காரர் பல வீடுகளுக்குச் சென்று பல பசுக்களைக் கறக்கும் முறை கிராமங்களில் இன்றும் உண்டு. ஆகையால் மயிலாப்பூர் வாசலில் நேர்ந்த பிழை கிராமத்துத் தொழுவத்திற்கும் பொருந்துவதே.

பட்டணத்து மேய்ச்சல்

இன்றைய தியாகராய நகர் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் நீண்ட ஏரி ஒன்று பரந்திருந்தது. 1920-களில் அதன் படுகையைச் சீர்செய்தே அந்நகர் அமைக்கப்பட்டது. அருகிலிருந்த மாம்பலம் ஒரு கிராமமாகவே இருந்தது. சைதாப்பேட்டையில் 1868-இல் விவசாயப் பள்ளி ஒன்று சர்க்காரால் நிறுவப்பட்டு, 1906-இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது என்பதைக் கொண்டே அப்பகுதி முன்பு எவ்வளவு பயிர்த்தொழில் சார்ந்ததாயிருந்தது என்று அறியலாம். ஏரிக்கரையும் வயல்வரப்பும் மாடுகளுக்கு மேய்ச்சலாயிருந்தன.

நிலம் மனைகளாக மாறியபின் மேய்ச்சல் போயிற்று. மாடுகள் முற்றிலும் போகவில்லை. நகரத்து மாடுகளை அகற்றி ஓரிடத்தில் வைத்துப் பராமரிக்கும் நோக்கத்தோடு மாதவரத்தில் பால் குடியிருப்பு ஏற்படுத்தப்பட்டது. 1997-ஆம் ஆண்டில் நகர்ப்புறங்களில் விலங்குகளையும் பறவைகளையும் வளர்ப்பதை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. தெருவில் திரியும் மாடுகளை மாநகராட்சியார் பிடித்து, உரிமையாளரிடம் அபராதம் வசூலிக்கின்றனர். இருந்தும் மயிலாப்பூர்ச் சந்துகளிலும், அடையாற்றங்கரையை அடுத்த இடங்களிலும், தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டியும் கறவை மாடுகள் இன்றும் உள்ளன. கறந்தவுடன் அவிழ்த்துவிடப்படும் இம்மாடுகள் குப்பைமேட்டிலும் சாக்கடையோரத்திலும் மேய்ந்து, களைத்தபோது அங்கேயே படுத்துவிடுகின்றன. இதில் மடிக்கு உண்டாகும் கேடு யாதென்பதை அறிய, முதலில் மடியின் அமைப்பை அறிதல் வேண்டும்.

மடியின் அமைப்பு

பசுவின் மடி வெளித்தோற்றத்தில் ஒன்றாயினும் உள்ளே நான்கு தனித்தனி அறைகளையுடையது. ஓர் அறையின் பால் மற்றோர் அறைக்குச் செல்வதில்லை. ஆகையினாலேயே ஒரு காம்பில் நோய் கண்டும் மற்ற மூன்று காம்புகளில் நல்ல பால் வருதல் கூடும். ஒவ்வொரு காம்பின் நுனியிலும் ஒரு சிறு துவாரம் உண்டு. அதிலிருந்து மேனோக்கிச் செல்லும் குழாய் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளமே உடையது. இக்குறுகிய வழியே மடியின் வாசற்கதவாகும். அதனைச் சுற்றியுள்ள தசை இறுகியிருக்கும்போது கதவு மூடியிருக்கும். கறக்கும்போது தசை தளர்ந்து கதவு திறக்கும்.

இங்குக் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. கறந்து முடிந்தவுடன் இக்கதவு மூடிவிடுவதில்லை. முற்றிலும் இறுகுவதற்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் வரையில் செல்லும். அந்நேரத்தில் பசு அசுத்தமான தரையில் படுக்குமானால், திறந்த வாசல் நேரே சாணத்திலும் சேற்றிலும் பதிகின்றது. கறந்த கையோடு பசுவைத் தெருவில் அவிழ்த்துவிடும் வழக்கத்திலுள்ள அபாயம் இதுவே.

இருவகைக் கிருமிகள்

மடிநோயை உண்டாக்கும் கிருமிகள் பலவாயினும் அவற்றை இரு பிரிவாகக் கொள்ளலாம். முதற்பிரிவு, நோயுற்ற மடியிலேயே குடியிருந்து ஒரு பசுவினின்றும் மற்றொரு பசுவிற்குத் தொற்றுபவை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்ஷியே, ஸ்டெபிலோகாக்கஸ் ஆரியஸ் என்பன இவற்றுள் முக்கியமானவை. இவை பரவுவது கறக்கும் கையாலும், பல பசுக்களுக்கும் பொதுவாக உபயோகிக்கும் துணியாலும், கறவை இயந்திரம் உள்ள இடங்களில் அதன் குவளைகளாலுமே.

இரண்டாம் பிரிவு, சாணம், சேறு, ஈரவைக்கோல், தேங்கிய நீர் முதலியவற்றில் வாழ்ந்து, கறவைகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் காம்பினுள் புகுபவை. ஈ. கோலை என்பது இவ்வகையினது. முதற்பிரிவு கையை நம்பியும் இரண்டாம் பிரிவு தரையை நம்பியும் வாழ்கின்றன. ஒன்றை மட்டும் திருத்தி மற்றொன்றை விட்டுவிட்டால் நோய் ஒழியாது.

இங்கிலாந்தில் ரெடிங் நகரை அடுத்த ஷின்பீல்டிலிருந்த பால்தொழில் ஆராய்ச்சி நிலையத்தார் 1960-களில் ஐந்து விதிகளைக் கொண்ட தடுப்புமுறை ஒன்றை வகுத்தனர். கறந்தபின் காம்புகளை மருந்தில் நனைத்தல், பால் வற்றும் சமயத்தில் மருந்திடுதல், நோயை உடனே கண்டு சிகிச்சை செய்தல், தீராத நோயுள்ள பசுவை விலக்குதல், கறவை இயந்திரத்தைச் சீராக வைத்தல் என்பனவே அவை. இம்முறையால் தொற்றுக்கிருமிகளின் கேடு வெகுவாய்க் குறைந்தது; தரையிலிருந்து வரும் நோய் அவ்வளவு குறையவில்லை. தரையையும் உடன் கவனித்தாலன்றி முழுப்பயன் இல்லை என்பதற்கு இதுவே சான்று. நம் நாட்டில் கையாற் கறப்பதே பெருவழக்கமாதலால், இயந்திரத்திற்குக் கூறப்பட்ட விதி கைக்கே உரியது என்று கொள்ளல் வேண்டும்.

மறைந்திருக்கும் நோய்

மடி வீங்கிச் சிவந்து, பாலில் கட்டியோ இரத்தமோ கண்டால் நோயென்று யாவரும் அறிவர். ஆனால் அவ்வாறு வெளிப்படும் பசு ஒன்றாயின், வெளிப்படாமல் நோயைச் சுமந்திருக்கும் பசுக்கள் அதைவிடப் பல. இவற்றின் மடி மிருதுவாயிருக்கும். பாலும் பார்வைக்கு நன்றாயிருக்கும். கறவை மட்டும் சிறிது சிறிதாய்க் குறையும். குடியானவர் தீவனத்தைக் குறைகூறுவர். இப்பசுவே மந்தைக்கு நோயை வழங்கும் ஊற்றாகும்.

இம்மறைவான நோயைக் கண்டுபிடிக்க எளிய பரீட்சை உண்டு. 1957-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஷால்ம், நூர்லாண்டர் என்ற இருவர் வெளியிட்ட முறை அது. நான்கு குழிகளையுடைய ஒரு தட்டில் நான்கு காம்புகளின் பாலையும் தனித்தனியே ஏறக்குறைய 2 மில்லி வீதம் கறந்து, அதே அளவு மருந்துநீரைச் சேர்த்து மெதுவாய்ச் சுழற்ற வேண்டும். நல்ல பால் நீராகவே ஓடும். நோயுற்ற பால் கஞ்சிபோல் குழகுழவென்று தடிக்கும். மடியில் கிருமி புகும்போது அதனோடு போராட இரத்தத்தினின்றும் வரும் அணுக்கள் பாலில் மிகுவதே இதற்குக் காரணம். இம்மருந்துநீர் கிடையாதபோது, துணி துவைக்கும் சோப்புத்தூள் 3 கிராமை 100 மில்லி நீரில் கரைத்து உபயோகித்தாலும் ஏறக்குறைய அதே குறி தோன்றும். ஈன்ற முதல் சில நாட்களிலும், பால் வற்றும் தறுவாயிலும் நல்ல பசுவின் பாலும் தடிக்கக்கூடுமாதலால், அக்காலங்களில் இப்பரீட்சையை நம்புதல் கூடாது.

நஷ்டக் கணக்கு

மடியின் பின்னறைகள் இரண்டும் மொத்தப் பாலில் ஏறக்குறைய நூற்றுக்கு 60 பங்கும், முன்னறைகள் இரண்டும் 40 பங்கும் தருகின்றன. நாளொன்றுக்கு 10 லிட்டர் கறக்கும் பசுவுக்குப் பின்காம்பு ஒன்று கெட்டுப்போனால் சுமார் 3 லிட்டர் பால் குறையும். மற்ற மூன்று காம்புகள் சிறிது ஈடுசெய்து, தினம் 2 லிட்டரே குறைவதாக வைத்துக்கொண்டாலும், 300 நாள் கறவையில் 600 லிட்டர் நஷ்டமாகின்றது. மருத்துவச் செலவும், மருந்து கலந்ததால் விற்கலாகாத பாலும், மூன்று காம்புப் பசுவென்று சந்தையில் விலை குறைவதும் இதில் சேரவில்லை. இதற்கு எதிராக, காம்பு நனைக்கும் மருந்தும் சில துணிகளும் பெறும் செலவு மிகச் சொற்பமே. நாட்டுப்பசுவைவிட ஜெர்சி, பிரீசியன் கலப்புப் பசுக்கள் அதிகம் கறப்பதால் அவற்றிற்கு இந்நோய் வரும் ஏதுவும் அதிகம். நல்ல பசு வைத்திருப்பவர் அதிக ஜாக்கிரதையாயிருத்தல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

கறவைக்கு முன் செய்ய வேண்டியவை

கறக்கிறவர் நகங்களை ஒட்ட வெட்டி, கைகளை முழங்கை வரையில் சோப்புப் போட்டுக் கழுவி உலர்த்திக்கொள்ளல் வேண்டும். ஒரு பசுவைக் கறந்து முடித்து மறுபசுவிற்குச் செல்லுமுன் மீண்டும் கழுவுதல் அவசியம். கையில் புண் அல்லது சிரங்கு உள்ளவர் கறக்கலாகாது.

பசுக்களைக் கறக்கும் வரிசையும் முக்கியமானது. முதலீற்றுப் பசுக்களை முதலிலும், நோயில்லாத மற்றப் பசுக்களை அடுத்தும், சந்தேகத்திற்குரியவற்றை அதன் பின்னும், நோய் வெளிப்பட்ட பசுவைக் கடைசியிலும் கறத்தல் வேண்டும். செலவு ஒரு காசுமில்லாத இந்த ஒரு விதியே தொற்றுநோயைப் பெரிதும் தடுக்க உதவும் ஆற்றலுடையது.

பால் சுரப்பதற்காகக் கன்றை ஊட்டவிடுவது நம் நாட்டு வழக்கம். அதில் குற்றமில்லை, ஆனால் கன்றின் எச்சில் பட்ட காம்புகளைக் கழுவாமல் கறத்தல் தவறு. கழுவும்போது மடி முழுவதையும் நீரூற்றி நனைக்க வேண்டியதில்லை. அவ்வாறு செய்தால் மடியின் அழுக்கெல்லாம் நீரோடு வழிந்து காம்பு நுனியில் வந்து தங்கும். மடியில் சாணம் ஒட்டியிருந்தாலன்றிக் காம்புகளை மட்டும் சுத்தநீரால் கழுவி, உலர்ந்த துணியால் ஈரம் போகத் துடைத்தலே சாலும். துணி ஒவ்வொரு பசுவிற்கும் தனியாயிருத்தல் வேண்டும். ஒரே துணியால் ஐந்து பசுக்களைத் துடைப்பது சுத்தமன்று, நோயைப் பங்கிடுவதாகும். உபயோகித்த துணிகளைக் கொதிநீரில் போட்டு வெயிலில் உலர்த்துக.

பின்னர் ஒவ்வொரு காம்பிலுமிருந்து முதல் இரண்டு மூன்று பீற்றுகளைக் கறுப்புத் துணி கட்டிய ஒரு கிண்ணத்தில் கறந்து பார்க்க வேண்டும். திரியோ கட்டியோ இருந்தால் கறுப்புத் துணியின்மேல் தெளிவாய்த் தெரியும். இதனைத் தரையில் பீச்சுவதும், உள்ளங்கையில் கறந்து பார்ப்பதும் கூடாது. முதற்பாலே மிகுந்த கிருமிகளையுடையதாதலால், தரையில் பீச்சினால் பசு படுக்கும் இடத்தில் நோயை விதைப்பதாகும்.

கறக்கும் முறை

நம் கறவைக்காரர்கள் பலர் கட்டைவிரலை உள்ளே மடக்கி, அதன் கணுவால் காம்பை அழுத்திக் கறக்கின்றனர். இதனால் காம்பின் உட்சதை நசுங்கிப் புண்ணாகி, நாளடைவில் தடித்து அடைபடும். புண்பட்ட இடத்தில் கிருமி எளிதில் தங்கும். ஐந்து விரல்களாலும் காம்பை முழுதும் பற்றி, மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாய் விரல்களை மூடிப் பிழிந்து கறக்கும் முழுக்கைக் கறவையே சிறந்தது. கன்று ஊட்டுவதற்கு ஒத்த முறையும் இதுவே. காம்பு மிகச் சிறிதாயின் மட்டும் இரு விரலால் உருவிக் கறக்கலாம்.

விரல்களைப் பாலில் நனைத்துக் கொள்வதும், எச்சில் தொட்டுக் கொள்வதும் அறவே நீக்கத்தக்கவை. உலர்ந்த கையாலேயே கறத்தல் வேண்டும்.

பசு பாலை இறக்குவது இரத்தத்தில் கலக்கும் ஒருவிதச் சுரப்புநீரின் செயலால். அதன் வேகம் சில நிமிஷங்களே நிற்கும். ஆகையால் காம்பைக் கழுவிய ஒரு நிமிஷத்திற்குள் தொடங்கி, 5 முதல் 7 நிமிஷங்களுக்குள் கறந்து முடித்தல் நலம். பசுவை அடித்தாலும் மிரட்டினாலும் சுரப்பு நின்று மடியில் பால் தங்கிவிடும். பால் இறங்குவதற்கென்று கண்டபடி ஊசி போடும் வழக்கம் சிலரிடம் உண்டு. பால் பெருக்கும்பொருட்டுப் பசுவின் உடல்நலத்திற்குக் கேடான ஊசியிடுதல் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றமென்பதை யாவரும் நினைவில் வைத்தல் வேண்டும்.

கறவைக்குப் பின் செய்ய வேண்டியவை

கறந்து முடிந்தவுடன் ஒரு சிறு குவளையில் அயோடின் சேர்ந்த காம்புமருந்தை எடுத்து, நான்கு காம்புகளையும் ஒவ்வொன்றாய் அதில் முழுக நனைத்தல் வேண்டும். கால்நடை மருந்துக் கடைகளில் இது கிடைக்கின்றது. காம்பின் தோலில் தங்கியுள்ள கிருமிகள் இதனால் மடிகின்றன. நுனியில் நிற்கும் மருந்துத்துளி திறந்த வாசலுக்குக் காவலாகின்றது. கறந்தபின் கன்றை ஊட்டவிடுவதாயின், கன்று ஊட்டி முடிந்த பின்னரே காம்பை நனைக்க வேண்டும். குவளையில் எஞ்சிய மருந்தைக் கொட்டிவிட்டு, மறுவேளைக்குப் புதிதாய் எடுக்க வேண்டும். அழுக்கேறிய மருந்தில் நனைப்பதால் பயனில்லை.

அடுத்தபடியாக, பசுவை உடனே படுக்கவிடலாகாது. இதற்கு அடிக்க வேண்டியதில்லை, கட்டிவைக்க வேண்டியதுமில்லை. பசுந்தீவனத்தையோ வைக்கோலையோ கறந்தபின் போட்டால் போதும். பசு நின்று தின்னும் அரைமணி, முக்கால்மணி நேரத்தில் காம்பின் வாசல் இறுகிவிடும். தீவனம் முழுவதையும் கறக்கும்போதே போட்டுத் தீர்த்துவிட்டு, கறந்ததும் அவிழ்த்துவிடும் பட்டணத்து வழக்கம் இக்காரணத்தால் தவறானது. மேய்ச்சலுக்கு அனுப்பும் கிராமத்தாரும், கறந்தவுடன் அனுப்பாமல் சற்றுநேரம் தொழுவத்தில் நிறுத்தித் தீனி போட்டபின் அனுப்புதல் நன்று.

தரையும் மழைக்காலமும்

சென்னையிலும் அதனைச் சூழ்ந்த செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் ஜில்லாக்களிலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை மிகுதி. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரைபுரண்டு ஓடி, கரையோரத்துத் தெருக்களையும் தொழுவங்களையும் மூழ்கடித்தது பலருக்கும் நினைவிருக்கும். வெள்ளத்தில் தப்பிய மாட்டிற்கும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. நீர் வடிந்த தொழுவத்தில் தங்கும் சேறு சாக்கடைநீரும் சாணமும் கலந்தது. அதில் படுக்கும் பசுவின் மடிக்குத் தரைக்கிருமிகளால் கடும்நோய் வருதல் கூடும். இவ்வகைநோய் சிலசமயம் ஓரிரு நாட்களிலேயே பசுவைக் கொன்றுவிடுகின்றது.

ஆகவே தொழுவத்தின் தரை சற்றுச் சரிவாயும் நீர் தேங்காததாயும் இருத்தல் வேண்டும். சாணத்தைத் தினம் இருவேளை அகற்றுக. ஈரமான இடத்தில் சுண்ணாம்புத்தூளைத் தூவி உலர்த்துக. மழைக்காலத்தில் உலர்ந்த மணலையோ வைக்கோலையோ பரப்பி, நனைந்ததை அவ்வப்போது மாற்றுக. மடியின்மேல் நீண்ட மயிர் இருந்தால் கத்தரித்துவிட்டால் சாணம் ஒட்டாது. ஈக்களும் காம்பின் புண்களில் மொய்த்து நோயைப் பரப்புவனவாதலால் எருக்குழி தொழுவத்திற்கு எட்டியிருத்தல் நலம்.

பால் வற்றிய காலம்

ஈனுவதற்கு முந்திய இரண்டு மாதங்கள் பசுவைக் கறவாமல் விடுதல் வேண்டும். இக்காலத்தின் தொடக்கமும் முடிவும் மடிநோய்க்கு மிகவும் இடந்தருபவை. கறவையை நிறுத்தும் நாளில், மறைந்திருக்கும் கிருமிகளை ஒழிக்கும் மருந்தைக் காம்பின் வழியே செலுத்தும் முறை உண்டு. இதனைக் கால்நடை மருத்துவர் கொண்டே செய்வித்தல் வேண்டும். சுத்தமின்றிச் செலுத்தும் குழாயே புதிய நோயை உள்ளே தள்ளிவிடக்கூடும். வற்றிய பசுதானே என்று அதனைக் கவனியாமல் மேய்ச்சலில் விட்டுவிடுவது பெரும்பிழை. தாதுஉப்புக் கலவையும் பசுந்தீவனமும் குறையாமல் கொடுத்தால் நோயை எதிர்க்கும் வலிவு பசுவிற்கு உண்டாகும்.

நோய் கண்டால்

நோய் கண்ட காம்பை நாளுக்குப் பலமுறை முற்றிலும் கறந்து, அப்பாலைத் தூரத்தில் குழியிற் கொட்டி மூடவேண்டும். அதனைக் கன்றுக்கும் கொடுக்கலாகாது. ஜுரம், தீனி எடாமை, மடியில் கடுமையான சூடு அல்லது ஜில்லிப்பு கண்டால் ஒருநாளும் தாமதிக்கலாகாது. தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணிற்குத் தொலைபேசியில் அறிவித்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவி பெறலாம். 1903-இல் தொடங்கப்பட்டு, சென்னை வேப்பேரியில் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் சென்னைவாசிகளுக்கு உதவுகின்றது.

நோய் இலேசாயுள்ளபோது உதவும் மூலிகைமுறை ஒன்றைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் பரவச் செய்துள்ளனர். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் இவற்றைச் சேர்த்து அரைத்து, நோயுற்ற காம்பை முற்றிலும் கறந்து கழுவியபின், சிறிது நீர்விட்டு மடி முழுவதும் பூசவேண்டும். நாளுக்குப் பலமுறை, ஐந்து நாள் வரையில் பூசுக. இது மருத்துவருக்கு மாற்றன்று. ஜுரங்கண்ட பசுவிற்கு இதனை மட்டும் நம்பியிருத்தல் கூடாது.

மருத்துவர் கிருமிக்கொல்லி மருந்து கொடுத்திருப்பின், அவர் குறித்த நாட்கள் கழியும் வரையில் எந்தக் காம்பின் பாலையும் விற்கலாகாது. மருந்தை இரண்டு நாளில் நிறுத்திவிடுவதும் தவறு. கிருமி சாகாமல் மருந்துக்குப் பழகிவிடும்.

பாலை உண்போர் நலம்

காய்ச்சினால் எல்லாத் தோஷமும் போய்விடும் என்பது பொதுவான எண்ணம். காய்ச்சுவதால் கிருமிகள் சாவது உண்மை. ஆனால் ஸ்டெபிலோகாக்கஸ் கிருமி பாலில் பெருகி விஷத்தை உண்டாக்கியிருப்பின், அவ்விஷம் கொதிக்கவைப்பதாலும் அழிவதில்லை. சென்னையின் வெப்பத்தில் பால் சிலமணி நேரம் குளிர்ச்சியின்றி வைக்கப்பட்டால் அவ்வாறு நேர்தல் கூடும். பின்னர் அதனைக் குடித்தோருக்கு வாந்தியும் பேதியும் காணும். குழந்தைகளும் நோயாளிகளுமே இதனால் அதிகம் துன்புறுபவர். ஆகவே மடிநோயுள்ள பசுவின் பாலை நல்ல பாலோடு கலந்து விற்பவர், தண்ணீர் கலப்பவரினும் பெரிய கேட்டைச் செய்பவராவர்.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கவை

கிராம நிர்வாக அலுவலர்களும், ஊராட்சித் தலைவர்களும், பால் சங்க நிர்வாகிகளும் இவ்விஷயத்தில் பெரிதும் உதவக்கூடும். பால் சங்கத்தில் மடிநோய்ப் பரீட்சைத் தட்டு ஒன்றை வைத்து, மாதம் ஒருமுறை ஒவ்வோர் உறுப்பினரின் பசுவையும் சோதிக்க ஏற்பாடு செய்யலாம். பல வீடுகளில் கறக்கும் கறவைக்காரர்களை ஒன்றுகூட்டி, கால்நடை மருத்துவரைக் கொண்டு முழுக்கைக் கறவையையும் கைகழுவும் முறையையும் நேரிற் காட்டச் செய்யலாம். இவர்கள் திருந்தினால் ஊர்ப்பசுக்கள் யாவும் ஒருங்கே பயனடையும். காம்புமருந்தைச் சங்கத்தின் வாயிலாக மொத்தமாய் வாங்கிக் கொடுத்தால் விலையும் சகாயமாகும். மழைக்கு முன்னர்ப் பொதுத்தொழுவங்களுக்கும் மேய்ச்சல்வழிகளுக்கும் வடிகால் வெட்டுவித்தலும் அவர்கள் கடமையேயாம். நோய் கண்டவர் பால் எடுக்கமாட்டார்களோ என்று அஞ்சி மறையாதபடி, அறிவித்தவருக்குச் சங்கம் ஆதரவாயிருத்தல் மிக முக்கியம்.

முடிவு

மயிலாப்பூர்த் திண்ணையில் நின்றவர் பாத்திரத்தைக் கவனித்ததுபோல் பால்காரருடைய கையையும் கவனித்திருப்பாராயின், எத்தனையோ பசுக்களின் மடிகள் காப்பாற்றப்பட்டிருக்கும். அக்குறையை இன்றுள்ள குடியானவர்கள் நீக்கிக்கொள்ளலாம். கழுவி உலர்த்திய கை, பசுவிற்கொரு துணி, கறவையில் வரிசை, கறந்தபின் காம்புமருந்து, நின்று தின்னத் தீவனம், ஈரமில்லாத தரை ஆகிய இவ்வாறும் எந்தச் சிறு குடியானவருக்கும் இயல்வனவே. ஒருநாள் செய்து மறுநாள் விடாமல், இருவேளையும் தவறாது கைக்கொண்டால், ஓரிரண்டு கறவைக்காலத்திலேயே பலன் பாத்திரத்திற் காணப்படும் என்பதில் ஐயமில்லை.